உஷார்! அரோவானாவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

ஒரே ஒரு மீனுக்காக ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ எடுத்து வைத்திருக்கிறீர்களா? அந்தப் பணம் இன்னும் ஒரு மாதம் வங்கியிலேயே இருக்கட்டும். கடைக்காரர் நாளைக்கே வேறு பார்ட்டி வருகிறது என்பார். வரட்டும். வண்ண மீன் வியாபாரத்தில் அவசரப்பட்டவர்தான் அதிகம் இழக்கிறார். நகையை அடகு வைத்தும், கிரெடிட் கார்டில் தவணை போட்டும் மீன் வாங்கும் அளவுக்கு இந்த மோகம் முற்றியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன்.

சென்னை கொளத்தூரில் கப்பி, மோலி, ஏஞ்சல் வளர்த்து, ஜோடி இவ்வளவு என்று விற்றுப் பிழைக்கும் குடும்பங்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்கள் உழைப்பு நேர்மையானது. அங்கே இருநூறு ரூபாய்க்கு மீன் வாங்கி ஏமாந்தால் நஷ்டம் இருநூறோடு போய்விடும். நான் சொல்வது அரோவானா என்ற வண்ண மீனைப் பற்றி. விலை உயர உயர மனிதர்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். இவ்வளவு விலை சொல்கிறாரே, அப்போது நிஜமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். வாங்குபவரைப் பிடிக்கும் தூண்டிலே அந்த விலைதான்.

முதலில் எந்த அரோவானா என்று பாருங்கள். தென் அமெரிக்க வகையான சில்வர் அரோவானாவின் குஞ்சு சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கும். லட்சங்களில் பேசப்படுவது ஆசிய அரோவானா. அதில் இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் கபுவாஸ் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த வகை சூப்பர் ரெட். மலேசியாவின் பேராக் மாநிலத்து புக்கிட் மேரா ஏரிப் பக்கத்து வகை கோல்டன் கிராஸ்பேக். சீன வம்சாவளியினர் ஆசிய அரோவானாவை டிராகனின் வடிவமாகப் பார்த்ததால் செல்வம் கொண்டுவரும் மீன் என்று பெயர் ஏறியது. முட்டைகளை அப்பா மீன் வாயிலேயே வைத்து அடைகாக்கும். அதனால் ஒரு தடவைக்குக் கிடைக்கும் குஞ்சுகள் குறைவு. இயற்கை நீர்நிலைகளில் பிடித்துப் பிடித்தே அருகிப்போன இந்த மீன், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1975 முதல் இருக்கிறது. பதிவு பெற்ற பண்ணைகளில் இரண்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிறகோ பிறந்த மீனை மட்டும்தான் நாடு விட்டு நாடு விற்கலாம். அதற்கும் உடம்புக்குள் மைக்ரோசிப் இருக்க வேண்டும், சான்றிதழ் இருக்க வேண்டும்.

கடையில் மீனைக் காட்டும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? உள் அறை, அரை இருட்டு. டேங்குக்குப் பின்னால் கறுப்பு ஷீட். மேலே ரோஸ் நிறம் கலந்த ட்யூப் லைட், தண்ணீரில் ஊறிய பாதாம் இலை. அந்த வெளிச்சத்தில் செதில் விளிம்பு ஒவ்வொன்றும் குங்குமம் தடவியதுபோல் ஜொலிக்கும். வாங்க வந்தவர் அப்படியே நின்றுவிடுவார். அப்போது ஒன்று செய்யுங்கள். “அண்ணே, லைட்ட அணைச்சிட்டு சாதா லைட் போடுங்க” என்று கேளுங்கள். குங்குமம் பல நேரம் மங்கலான ஆரஞ்சாக இறங்கிவிடும். லைட்டை அணைக்க மறுக்கும் கடையில் நிற்கவே வேண்டாம். இது தவிர ‘டானிங்’ என்று மீனையே மாதக்கணக்கில் பலமான விளக்கின் கீழ் வைத்து நிறம் ஏற்றுவதும் உண்டு. உங்கள் வீட்டு வெளிச்சத்தில் அந்த நிறத்தில் எவ்வளவு நிற்கும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

குஞ்சாக இருக்கும்போது நிலைமை இன்னும் மோசம். ஒரு சாண் நீளமுள்ள சூப்பர் ரெட் குஞ்சும், அதைவிடப் பல மடங்கு மலிவான பஞ்சார் ரெட் குஞ்சும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். உண்மை நிறம் தெரிய வருடங்கள் ஆகும். அது வெளுத்த மஞ்சளாக நிற்கும்போது விற்றவரின் போன் நம்பர்கூட மாறியிருக்கும். வாங்குமுன் மீனுக்கு நேர் எதிரே குனிந்து கண்களையும் பாருங்கள். ஒரு கண் கீழ்நோக்கித் தொங்கினால் அது ‘டிராப் ஐ’. செவுள் மூடியின் விளிம்பு வெளிப்பக்கம் சுருண்டிருந்தால் அதுவும் குறை. இரண்டையும் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்பார்கள். அந்தப் பேச்சை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சான்றிதழ் விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். பளபளப்பான அட்டை, ஹோலோகிராம், பண்ணையின் பெயர் எல்லாம் எவர் வேண்டுமானாலும் அச்சடிக்கக் கூடியவை. சிப் ரீடரை உங்கள் கண் முன்னால் மீனருகே காட்டச் சொல்லுங்கள். திரையில் வரும் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப்போக வேண்டும். ரீடர் இல்லை, ரிப்பேர், நாளைக்கு வாருங்கள் என்றால், நாளைக்கே பணம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இது பணத்தோடு முடிகிற விவகாரமும் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்கள் இப்போது அந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதியும் வந்துவிட்டது. ‘யார் வந்து பார்க்கப் போகிறார்கள்’ என்று கடைக்காரர் தைரியமாகச் சொல்வார். வீட்டுக்கு ஆள் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இறக்குமதித் தாள்களின் நகலும், சிப் எண் எழுதிய பில்லும் கையில் இல்லாமல் மீன் வீட்டுக்கு வரக் கூடாது.

இனி வாஸ்து. எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். அரோவானாவோ ஃப்ளவர்ஹார்ன் என்ற மீனோ வீட்டில் இருந்தால் பணம் கொட்டும் என்பது முதல் பேச்சு. மீன் செத்துவிட்டால்? ‘உங்களுக்கு வர வேண்டிய கண்டத்தை அது வாங்கிக்கிடுச்சு சார், நல்ல வேளை!’ என்பது இரண்டாவது பேச்சு. இதன் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மீன் பிழைத்தால் அதிர்ஷ்டம், செத்தால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். நோய் பிடித்த மீனை விற்றவரும் மாட்டிக்கொள்வதில்லை, அழுக்குத் தண்ணீரில் மீனைக் கொன்றவருக்கும் உறுத்துவதில்லை. கண்டம் கழிந்த நிம்மதியில் குடும்பமே கிளம்பிப்போய் அடுத்த மீனை வாங்குகிறது. வியாபாரம் நொடித்து, வீட்டில் நோய் வந்து, மனம் தளர்ந்து நிற்பவர்களிடம்தான் இந்தப் பேச்சு அதிகம் எடுபடுகிறது. கையில் இருக்கும் கடைசிச் சேமிப்பை மீனில் போடக்கூடிய நிலைமையில் இருப்பவர்கள் அல்ல அவர்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து உட்கார வைத்துப் பேசுங்கள்.

மீன் செத்ததற்குக் காரணம் பெரும்பாலும் கண்டமும் இல்லை, கண்ணேறும் இல்லை, அம்மோனியா. மீன் விடும் கழிவில் வரும் அம்மோனியாவை ஃபில்டரில் வளரும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். அந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். டேங்கையும் மீனையும் ஒரே நாளில் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்புகிற கடை, அந்த மீனின் சாவையும் சேர்த்தே அனுப்புகிறது. நான் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னது இதற்காகவும்தான். முதலில் டேங்கை ஓட விடுங்கள். டெஸ்ட் கிட் வாங்கி அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். மாநகராட்சித் தண்ணீராக இருந்தால் குளோரினை முறிக்காமல் ஊற்றாதீர்கள்.

டேங்க் என்றதும் நினைவுக்கு வருகிறது, அதன் எடையைக் கடையில் யாரும் சொல்வதில்லை. வளர்ந்த அரோவானா இரண்டடிக்கு மேல் போகும். அது திரும்பவே ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள டேங்க் வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 680 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 680 கிலோ. கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்ந்தால் முக்கால் டன்னைத் தாண்டும். மூன்றாவது மாடி வாடகை வீட்டில் இதை வைக்கப் போகிறீர்கள் என்றால் வீட்டுக்காரரிடமும் ஒரு கட்டட இன்ஜினியரிடமும் கேட்டுவிட்டு வையுங்கள். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் 170 லிட்டர், பதினோரு குடம். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீட்டில் இதை எங்கிருந்து எடுப்பீர்கள்? கேனிஸ்டர் ஃபில்டர் இரவும் பகலும் ஓட வேண்டும். பல மணி நேரம் மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் பாக்டீரியா செத்துப்போய், கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் டேங்குக்குள்ளேயே திரும்பும். டேங்குக்கு மேல் கனமான மூடியும் வேண்டும். அரோவானா துள்ளும். காலையில் எழுந்து பார்த்தால் லட்ச ரூபாய் தரையில் காய்ந்து கிடக்கும். இவ்வளவையும் கவனித்தால் இருபது வருடம்கூட வாழக் கூடிய மீன் இது. அத்தனை வருடக் கரண்ட் பில்லும் இறாலும் புழுவும் யார் கணக்கில்?

ஃப்ளவர்ஹார்ன் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கிய மீன் அது. தலைக் கொண்டையும் நிறமும்தான் அதன் விலை. இரண்டையும் ஹார்மோன் கொடுத்துத் தற்காலிகமாக ஏற்றிவிட முடியும். மருந்து நின்றதும் நிறம் இறங்கும், கொண்டை சுருங்கும். பளீரென்ற ரோஸ், நீலம், பச்சைக் கோடு போட்ட கண்ணாடி மீன்களைக் குழந்தைகள் கேட்டால் வாங்கித் தராதீர்கள். ஊசியால் உடம்புக்குள் சாயம் ஏற்றிய மீன்கள் அவை. ஊசியிலேயே பல செத்திருக்கும், பிழைத்ததன் சாயமும் சில மாதங்களில் போய்விடும்.

கடல் மீன் டேங்க் வைப்பவர்களின் செலவு தனி. அங்கே ஒரே விஷயம்தான் சொல்வேன்: உயிருள்ள பவளமோ கடல் குதிரையோ மன்னார் வளைகுடாவிலிருந்து ‘ஃப்ரெஷ்ஷாக’ வந்தது என்று யாராவது காட்டினால் தொடாதீர்கள். 2001 முதல் இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

2018 அக்டோபரில் ஹிரோஷிமாவில் ஒரு பண்ணையின் ஏலத்தில் ஒரு கோய் கெண்டை 20 கோடி யென்னுக்கு மேல் போனது. எஸ் லெஜண்ட் என்று அதற்குப் பெயர், ஒரு மீட்டருக்கு மேல் நீளம். இந்தச் செய்தியைக் காட்டி, ‘மீன் ஒரு முதலீடு சார், வளர்த்தால் பத்து மடங்கு’ என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏலத்துக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக வந்த இனப்பெருக்கக் கணக்கும், போட்டி மேடைகளும், வாங்கத் தயாராக நிற்கும் கோடீஸ்வரர்களும் உண்டு. நீங்கள் வளர்த்த மீனை வாங்க யார் நிற்கிறார்கள்? விற்ற கடையிலேயே திரும்பக் கொண்டுபோய்க் கேளுங்கள், வாங்கிய விலையில் கால்வாசி சொன்னாலே அதிகம். வாட்ஸ்அப்பில் படம் பார்த்து ஜிபேயில் பணம் போட்டு, பஸ் பார்சலில் மீன் வரவழைப்பவர்கள் இதைவிடவும் ஆபத்தான இடத்தில் நிற்கிறார்கள். படத்தில் இருந்த மீன்தான் பையில் வருகிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பார்சல் பிரிப்பதை முதலிலிருந்து கடைசி வரை வீடியோ எடுக்காவிட்டால், செத்து வந்த மீனுக்கு ஒரு பைசாவும் திரும்பாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டு, மீன் டேங்கை மீறி வளர்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்கள் தயவுசெய்து அதை ஏரியில் விடாதீர்கள். ‘டேங்க் கிளீனர்’ என்று பத்திருபது ரூபாய்க்கு வாங்கிய சக்கர் மீனை இப்படி விட்டு விட்டுத்தான் இன்று நம் ஏரிகளில் வலை போட்டால் அதுவே வந்து விழுகிறது. அதன் முள் வலையைக் கிழிக்கிறது, அதை வாங்கிச் சாப்பிடவும் ஆள் இல்லை. அலிகேட்டர் கார் என்று விரல் நீளத்தில் விற்கும் மீன் ஆறடிக்கு மேல் வளரும் வேட்டை மீன். வளர்க்க முடியாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் வாங்குமுன்பே கேளுங்கள். சரி என்றால் அதைப் பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போடவில்லை என்றால் பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.