வாசலில் இருந்து 50 மீட்டர்!

குட்டீஸ், பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் எதைத் தேடுவீர்கள்? பாக்கெட் சிப்ஸ், கலர், கோலாவா? அப்படியென்றால் வாசலில் இருந்து 50 மீட்டர் எண்ணி நடந்து பாருங்கள். உங்கள் காலுக்கு 80, 90 எட்டு வரலாம். அந்த எல்லைக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை மாணவர்களுக்கு விற்கக் கூடாது! இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ல் போட்ட விதி இது. பள்ளி கேன்டீனுக்கும் பொருந்தும்.

அன்று பசி, இன்று பருமன்

பாரதியார் பிறந்த எட்டயபுரம் தெரியும்தானே? இப்போது தூத்துக்குடி மாவட்டம். முன்பு நம் திருநெல்வேலி மாவட்டம். பசியால் எந்தப் பிள்ளையும் பள்ளிக்கு வராமல் இருந்துவிடக் கூடாது என்று, 1950களில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது அங்கேதான். அந்தக் கவலை இன்னும் முழுதாகத் தீரவில்லை. அதற்குள் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. உலகில் 5 முதல் 19 வயது உள்ளவர்களில், எடை குறைந்தவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று 2025ல் யுனிசெஃப் சொன்னது. பெரியவர்களுக்கு வரும் வகைச் சர்க்கரை நோய் சிறு வயதிலேயே எட்டிப் பார்க்க இது ஒரு முக்கியக் காரணம்.

எட்டு ஸ்பூன் சர்க்கரை!

2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று அதில் எழுதியிருக்கும். நீங்களும் கணக்குப் போடலாம். பாட்டிலின் பின்னால் 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று இருந்தால், 300 மில்லிக்கு 33 கிராம். ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம். ஆக, எட்டு ஸ்பூன்! அம்மா காபியில் எட்டு ஸ்பூன் போட்டுத் தந்தால் குடிப்பீர்களா?

"திருநெல்வேலியில் இருந்துகொண்டு அல்வா சாப்பிடாமல் இருப்பதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சாப்பிடலாம்... என்றைக்காவது, ஒரு துண்டு! மற்ற நாட்களில் கொய்யா, அவித்த கடலை, சீசனில் நுங்கு, பனங்கிழங்கு இருக்கவே இருக்கிறது.

ஓடி விளையாடுங்க!

தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால், பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் பள்ளிகள் உண்டு. உங்கள் பள்ளியிலும் அப்படியா? "சார், ஒரு பீரியடாவது விளையாட விடுங்க" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு முக்கிய விஷயம். வகுப்பில் யாரையாவது 'குண்டு' என்று கூப்பிடுகிறீர்களா? உடல் பருக்கச் சாப்பாடு மட்டுமே காரணமில்லை. பரம்பரை, தூக்கக் குறைவு, சில மருந்துகள் என்று பல காரணம் உண்டு. கேலி செய்தால் எடை குறையாது. அந்தப் பிள்ளை மைதானத்துக்கு வருவதுதான் நின்றுபோகும். சிலர் சாப்பாட்டையே விட்டுவிடுவார்கள். வளரும் வயதில் அது பெரிய ஆபத்து.

ஆகவே, நாளைக்கு கபடிக்கு டீம் பிரிக்கும்போது, எப்போதும் கடைசியாக நிற்கும் அந்த நண்பனை முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். சரியா?