வடாமும் இடியும்

தலைநகரில் குடியேறி வாழும் நம் இல்லங்களில் கோடைதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. மொட்டை மாடியில் வடாம் பிழிந்து காய வைத்திருப்போம். பிற்பகலில் வானம் செம்மண் நிறமடையும், ஆந்தி எழும், அதன் பின்னே இடி முழங்கும். வடாத்தைக் காப்பாற்ற நம் இல்லத்தரசிகள் மாடிக்கு விரைவர். அதிலுள்ள ஆபத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இடிமேகத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இவ்வினாவின் வரலாற்றில் சிம்லாவுக்கும் பங்குண்டு. இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் சிம்ப்சன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, 1908-ஆம் ஆண்டில் அம்மலைநகரில் மழைநீர் தாங்கி வரும் மின்சாரத்தை அளந்தார். அது பெரும்பாலும் நேர் மின்சாரமாக இருக்கக் கண்டார். பெரிய மழைத்துளிகள் காற்றில் உடைந்து சிதறுவதனாலேயே மின்சாரம் பிறக்கிறது என்று முடிவு கட்டினார். ஆகவே மேகத்தின் அடிப்புறமே நேர் மின்சாரம் உடையது என்பது அவர் கொள்கை. ஸி. டி. ஆர். வில்சன் என்னும் அறிஞரோ, உச்சியே நேர் மின்சாரம் உடையது என்றார். வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

பின்னர் இங்கிலாந்தில் சிம்ப்சனே, ஸ்க்ரேஸ் என்பவருடன் சேர்ந்து, இடிமேகங்களுக்குள் கருவி பொருத்திய பலூன்களைப் பறக்கவிட்டார். 1937-இல் வெளியான முடிவு யாது? உச்சியில் நேர் மின்சாரம். அதன் கீழே எதிர் மின்சாரம். அடியில் மட்டும் சிறிதளவு நேர் மின்சாரம். பிரிவினை நிகழும் இடமோ நீர் உறையும் குளிருள்ள உயரம். எனவே பனித்துகள்களின் மோதலே முதற்காரணம் என்று சிம்ப்சன் கொண்டார். தம் பழைய கொள்கைக்கு மாறான சான்றைத் தாமே வெளியிட்ட நேர்மை போற்றற்குரியது.

மேகத்துள் சவ்வரிசி போன்ற பனி உருண்டைகள் கனத்தால் தாழ்கின்றன. பொடிப்பொடியான பனிப் படிகங்களைக் காற்று மேலே தூக்கிச் செல்கிறது. இரண்டும் மோதிப் பிரியும்போது, பொதுவாக உருண்டை எதிர் மின்சாரத்தையும் படிகம் நேர் மின்சாரத்தையும் பெறுகின்றன. ஒரு மோதலில் கைமாறுவது மிகமிகச் சிறிது. கோடானுகோடி மோதல்கள் சேர்ந்தாலோ மின்னலே பிறந்துவிடுகிறது. ஆந்தியில் மோதும் மணற்பொடிகளும் இவ்வாறே மின்னூட்டம் பெறுகின்றன.

இரண்டும் பனியே; அவ்வாறிருக்க, ஒன்று கொடுக்க மற்றொன்று கொள்வானேன்? குளிரும் மேகநீரின் அளவும் மாறினால் கொடுப்பதும் கொள்வதுமே இடம் மாறுகின்றன என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. முழுக் காரணம் பற்றி அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

காரணம் முற்றும் விளங்காவிடினும் விளைவு தெளிவானது. நம் நாட்டில் மின்னல் தாக்கி ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மடிகின்றனர். ஆதலின் முதல் இடி செவியில் விழுந்ததுமே வீட்டுக்குள் இருப்போமாக. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழியும் வரை மாடிப்படி ஏறாதிருப்போமாக. நனைந்த வடாத்தை மறுநாள் மீண்டும் பிழிந்து கொள்ளலாம்.