வட்டுக்கோட்டை வழியே அமெரிக்கா



ஐக்கிய அமெரிக்காவை மாணவர்க்கு அறிமுகஞ் செய்வது புவியியல் ஆசிரியருக்கும் குடியியல் ஆசிரியருக்கும் உரிய வேலை. தமிழ் படிப்பிக்கிறவனுக்கு அதிலே என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கக்கூடும். அலுவல் இருக்கிறது. ஈழத்தின் முதல் தமிழ்ப் பத்திரிகை என்று நாம் சொல்லும் 'உதயதாரகை'யை 1841இல் வெளியிட்டது அமெரிக்க மிஷன். 1862இல் சென்னையில் வெளிவந்த, அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ் - ஆங்கிலப் பேரகராதி மிரன் வின்சுலோ என்ற அமெரிக்கரின் பெயரையே தாங்கி நிற்கிறது. எமது இலக்கிய வரலாற்றின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பகுதியைப் படிப்பிக்கப் புகுந்தால், அமெரிக்கா தானாகவே வகுப்பறைக்குள் வந்துவிடுகிறது.

வன்னியிலே இன்றைய பிள்ளைகளுக்கு அமெரிக்கா என்றால் நினைவுக்கு வருவன டொலரும் சினிமாவும் கைத்தொலைபேசியும். பாடப்புத்தகம் தருவதோ ஐம்பது மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், ஜனாதிபதிக்கு நான்கு ஆண்டுப் பதவிக்காலம் என்ற மாதிரியான விடயங்கள். மனனஞ் செய்யலாம், சோதனை முடிந்ததும் மறக்கலாம். ஒரு நாட்டை அறிவதற்கு அந்த நாடு எங்கேனும் நம்மைத் தொட்ட இடத்திலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். எமக்கு அந்த இடம் வட்டுக்கோட்டை.

1810இல் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே அமெரிக்க மிஷன் சங்கம் தோன்றியது. அதன் தொண்டர்களாகிய டானியல் பூவர், றிச்சட்ஸ், மெய்க்ஸ், உவாறன் என்போர் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். இன்று வல்லரசாகத் தெரியும் அந்நாடு, அப்போது தன் அரசியலமைப்பை எழுதி முப்பது ஆண்டுகூட நிரம்பாத இளம் தேசம். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி எழுந்தது. 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை. சமயம் பரப்பவே வந்தார்கள் என்பதில் ஐயமில்லை. அதற்கு எதிர்வினையாகவே 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இந்துக் கல்லூரிகளின் வழி அங்கேதான் திறக்கிறது. ஆனால் செமினறியிற் படித்த சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளைதான் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவரும் அவரே.

இந்தச் செமினறிக் காலத்துப் பெயர்களைப் பிள்ளைகள் முதன்முதல் கேட்கும்போது சிரிப்பார்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, எவாட்ஸ் கனகசபைப் புலவர். இதென்ன, வேட்டிக்கு மேலே கோட்டுப் போட்டது போல! விடயம் இதுதான்: மாணவன் ஒருவனின் படிப்புச் செலவை அமெரிக்காவில் ஒரு புரவலர் ஏற்றுக்கொண்டால், அவரது பெயரோ அவர் விரும்பிய பெயரோ அந்த மாணவனுக்குச் சூட்டப்பட்டது. உதயதாரகையின் முதல் ஆசிரியர்களாகிய ஹென்றி மார்ட்டின், செத் பேசன் ஆகிய இருவருமே தமிழர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபராக நெடுங்காலம் விளங்கிய செல்வதுரைக்கும் 'நெவின்ஸ்' என்பது முன்னே நின்றது.

இதே சங்கம் இதே காலத்தில் இன்னொரு மக்களிடமும் போயிருந்தது. அவர்கள் செறோக்கிகள், அமெரிக்காவின் தென்கிழக்கே, அப்பலாச்சிய மலைச்சாரலிலே வாழ்ந்த பழங்குடிகள். பூவர் தெல்லிப்பழையில் தமிழ் பயின்றுகொண்டிருந்தபோது, 1817இல் செறோக்கி நாட்டிலும் மிஷன் பள்ளி தொடங்கிற்று. அங்கும் ஓர் இளைஞனுக்குப் புரவலரின் பெயரைச் சூட்டினார்கள்: எலையாஸ் பூடினொட். செக்கோயா என்ற செறோக்கியர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர், 1821 அளவில் தம் மொழிக்கு எழுத்து வகுத்தார். எமது உயிர்மெய் போல அசைக்கு ஓர் எழுத்து, மொத்தம் எண்பத்தைந்து. அந்த எழுத்திலும் ஆங்கிலத்திலுமாக 1828இல் 'செறோக்கி பீனிக்ஸ்' என்ற பத்திரிகை வந்தது. ஆசிரியர் பூடினொட். உதயதாரகையும் இருமொழிப் பத்திரிகை. வயதில் பதின்மூன்று ஆண்டு இளையது. இரண்டையும் அக்கா தங்கை என்றே நான் வகுப்பிற் சொல்வதுண்டு.

அமெரிக்கப் பண்பாட்டின் முரண்பாட்டைக் காட்ட இந்தப் பூடினொட்டின் கதை ஒன்றே போதும். கனெக்ரிகட் மாநிலத்திலே மிஷன் பள்ளியிற் படித்தவர் அவர். அவ்வூர் வெள்ளைப் பெண் ஒருத்தியை 1826இல் மணந்தார். அவரைப் படிப்பிக்கப் பணங் கொடுத்த அதே ஊர்ச்சனங்கள் மணமக்களின் கொடும்பாவியை எரித்தார்கள். படிப்பிக்கலாம், ஆனால் பெண் கொடுக்கக்கூடாது! எமது ஊர்களில் இந்த நியாயத்தை விளங்கப்படுத்த அதிக நேரம் எடுப்பதில்லை.

அரசாங்கத்துக்கு வருவோம். செறோக்கிகள் 1827இல் தமக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டனர். அவர்களுடைய நிலத்திலே பொன் இருப்பது அந்நாட்களில் தெரியவந்தது. ஜோர்ஜியா மாநிலம் நிலத்தைக் கேட்டது. 1830இல் ஜனாதிபதி ஜாக்சன் ஆட்சியில், பழங்குடிகளை மிசிசிப்பிக்கு அப்பால் அனுப்புஞ் சட்டம் நிறைவேறியது. மிஷன் சங்கத்தின் செயலாளர் ஜெறமையா எவாட்ஸ் அதை எதிர்த்து எழுதினார். எமது அளவெட்டிப் புலவர் தாங்கிய பெயர் இவருடையதே. செறோக்கி நாட்டிலே பீனிக்ஸ் பத்திரிகைக்குத் துணைநின்ற சாமுவேல் வூஸ்ரர் என்ற தொண்டர், மாநிலம் கேட்ட விசுவாசப் பிரமாணத்தைச் செய்ய மறுத்ததால், கடூழியத்துடன் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 1832இல் பிரதம நீதியரசர் மார்ஷல், செறோக்கி நிலத்தில் ஜோர்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்தது, பலன் வரவில்லை. நீதிமன்றத்துக்குப் படையில்லை, படையுடைய ஜனாதிபதிக்கு மனமில்லை. வூஸ்ரர் வெளியே வர அடுத்த ஆண்டாயிற்று.

சட்டத்துறை, நிறைவேற்றுத்துறை, நீதித்துறை என்ற அதிகாரப் பிரிப்பை இதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் காட்டாது. சமஷ்டி என்ற சொல்லையும் இவ்விடத்திலேயே விளக்கலாம். 1949இல் தமிழரசுக் கட்சி தோன்றிய நாள்முதல் எமது வீடுகளிற் புழங்கும் சொல் அது. அமெரிக்காவில், நாலு கோடியை அண்டிய சனத்தொகையுள்ள கலிபோர்ணியாவுக்கும் செனற் சபையில் இரண்டு பேர்; ஆறு இலட்சமும் நிரம்பாத வயோமிங்குக்கும் இரண்டு பேர். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் ஆறு ஆசனம் என்று அறிந்த மாணவர் இதைக் கேட்டுக் கண்களை அகல விரிப்பர். ஆனால் செறோக்கிகளை நெருக்கியது மத்தியல்ல, முதலில் மாநிலமே. அடிமைமுறையைக் காக்கவும் பின்னர் மாநில உரிமை என்ற கொடியே பிடிக்கப்பட்டது. சமஷ்டியிலும் ஒரு மாநிலத்துக்குள்ளே இருக்கும் சிறுபான்மையினர் யாரை நம்புவது என்ற கேள்வி மிஞ்சுகிறது. இதை மறைத்துவிட்டுச் சமஷ்டியைப் படிப்பிப்பது அரைப் படிப்பிப்பு.

1835 டிசெம்பரில், தலைவர் ஜோன் றொஸ்ஸின் எதிர்ப்பையும் மீறி, பூடினொட் உள்ளிட்ட ஒரு சிறு குழு நிலத்தைக் கையளிக்கும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டது. உடன்படிக்கைக்கு செனற் சபையின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 31க்கு 15, ஒரு வாக்குக் குறைந்திருந்தால் விழுந்திருக்கும். 1838இல் படை வந்தது. மக்களை வீடுகளிலிருந்து எழுப்பி மரவேலி முகாம்களில் அடைத்து, பின் ஆயிரம் மைல் அளவு தூரம் மேற்கே நடத்திச் சென்றது. போனவர்கள் ஏறக்குறைய 16,000 பேர். அவர்களுள் 4,000 பேர் வரை மாண்டனர் என்பது பெரும்பாலும் சொல்லப்படும் கணக்கு. 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் இருந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை நான் விரித்துச் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அந்தப் பாதையைத் தேசப்படத்தில் விரலால் தொடர்ந்து சென்றால் புவியியலும் கைக்கு வந்துவிடும். தமிழ் மாணவனுக்குத் திணை என்ற அளவுகோல் இருக்கிறதே! அப்பலாச்சியம் குறிஞ்சி, மிசிசிப்பி வண்டல் மருதம், அதற்கு மேற்கே, ஆநிரை மேயும் பெரும் புல்வெளி முல்லை. குறிஞ்சியும் முல்லையும் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். செறோக்கிகள் குடியேற்றப்பட்ட ஒக்லஹோமாவையும் அயல் மாநிலங்களையும் 1930களில் வரட்சியும் புழுதிப்புயலும் தாக்கியபோது, முல்லை கண்முன்னே பாலையாயிற்று. உழவர் கலிபோர்ணியாவுக்குப் பெயர்ந்தனர். ஜோன் ஸ்ரைன்பெக் 1939இல் எழுதிய நாவல் அந்தப் பெயர்வைப் பற்றியதே. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு என்பதை எமது மாணவருக்கு இதைக்கொண்டும் படிப்பிக்கலாம். ஆறு உறையும் மாரிக்கு மட்டும் நம்மிடம் திணை இல்லை.

பொருளாதாரத்தைப் பற்றி ஒன்று மட்டும். பழங்குடிகள் நீங்கிய மேற்கு நிலங்களைக் கடன்பட்டு வாங்கி விற்கும் வெறி அமெரிக்காவில் மூண்டது. பருத்தி விலையும் வீழ்ந்தது. 1837இல் வங்கிகள் தாளுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதை நிறுத்தின. நன்கொடை வற்றவே, யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மிஷன் நடத்திய பள்ளிகள் பல மூடப்பட்டன. ஜோர்ஜியாவில் பருத்திக்கு விலை போனால் பண்டத்தரிப்பில் திண்ணைப் பிள்ளைக்குப் படிப்புப் போகும் என்பதை இதற்குமேல் எப்படி விளக்குவது?

செமினறி 1855இல் மூடப்பட்டது. அதன் அதிபராயிருந்த ஹொய்சிங்ரன், சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். மதம் மாற்ற வந்தவர் மெய்கண்டாரைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்றார்! 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வேறொரு வகையில் எமக்கு முக்கியமானவர். ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவன் அரச உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுகிறான், தமிழிற் படித்தவனே கிராமத்தில் நிற்பான் என்று கண்டு, மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் படிப்பித்தார். 'இரண வைத்தியம்' 1867, 'மனுஷ அங்காதிபாதம்' 1872, 'கெமிஸ்தம்' 1875. நியூயோர்க்கின் மத்திய பூங்காவுக்கும் 1898இல் அந்நகரப் பகுதிகள் ஒன்றானமைக்கும் பெயர்பெற்ற அன்ட்ரூ கிறீன் இவருடைய தமையனார். தமையன் ஒரு மாநகரைக் கட்டினான். தம்பி சொற்களைக் கட்டினான். கிளிநொச்சி, முல்லைத்தீவு வைத்தியசாலைகளில் ஒரு வைத்தியர் நிலைத்து நிற்கமாட்டாரா என்று நாம் அங்கலாய்க்கும் போதெல்லாம் எனக்குக் கிறீனின் நினைவு வரும்.

இதை வகுப்பில் ஒருமுறை சொல்லி முடித்தபோது, பின்வரிசையிலிருந்த ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "சேர், பேந்து அவையள் தங்கட இடத்துக்குத் திரும்பி வந்தவையோ?"

பெரும்பாலானோர் வரவில்லை. மலைக்குள் மறைந்து நின்ற சிலரும், வேறு வகையில் அங்கே தங்கக்கூடியதாயிருந்த சிலருமாக ஒரு தொகுதியினர் வட கரோலினாவில் எஞ்சினர். அவர்களுடைய சந்ததி இன்றும் அங்கே இருக்கிறது. மேற்கே சென்றவர்கள் தலெக்குவா என்ற ஊரைத் தலைநகராக்கினர். பூடினொட்டை அவருடைய சொந்த மக்களே உடன்படிக்கைக்காக 1839இல் கொன்றனர். வூஸ்ரர் அவர்களுக்கு முன்னரே மேற்கே போய், அங்கும் அச்சுக்கூடம் நடத்தி, 1859இல் இறந்தார். செக்கோயாவின் எழுத்து இப்போது அங்கே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப்படுகிறது. 1834இல் நின்றுபோன அந்தப் பத்திரிகையின் பெயரிலே, இன்று தலெக்குவாவிலிருந்து ஒரு பத்திரிகை வருகிறது.