ஆந்திர மாநில உருவாக்கம்

ஆந்திர மாநிலம் என்பது அன்றைய சென்னை மாநிலத்தின் தெலுங்கு பேசும் பகுதிகளைப் பிரித்து 1953 அக்டோபர் 1 அன்று அமைக்கப்பட்ட இந்திய மாநிலமாகும். இதன் தலைநகர் கர்நூல். முதலாவது முதலமைச்சர் த. பிரகாசம்.

பின்னணி

1949 இல் நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா ஆகியோரைக் கொண்ட குழு, சென்னை நகரின் மீதான உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டால் ஆந்திரம் அமைக்கப்படலாம் எனக் கூறியது. தனி மாநிலம் கோரி 1952 அக்டோபர் 19 அன்று சென்னையில் உண்ணாநோன்பைத் தொடங்கிய பொட்டி சிறீராமுலு டிசம்பர் 15 அன்று உயிர்நீத்தார். நான்கு நாட்களுக்குப் பின், சென்னை நகர் நீங்கலாகப் புதிய மாநிலம் அமையும் எனப் பிரதமர் நேரு அறிவித்தார்.

சட்ட அடிப்படை

இந்திய அரசியலமைப்பின் 3 ஆம் உறுப்பு, ஒரு மாநிலத்தின் நிலப்பகுதியைப் பிரித்துப் புதிய மாநிலம் அமைக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு வழங்குகிறது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்து கேட்கப்படும். ஆனால் அதன் ஒப்புதல் கட்டாயமன்று. 2014 இல் ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் எதிர்த்தபோதிலும் தெலங்காணா அமைக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை வேறானது. அங்கு தாய் மாநிலச் சட்டமன்றத்தின் இசைவும் தேவை. வர்ஜீனியாவின் இசைவுடன் கென்டக்கி 1792 இலும், மாசச்சூசெட்சின் இசைவுடன் மேய்ன் 1820 இலும் தனி மாநிலங்களாயின.

எல்லைச் சிக்கல்

1953 ஆம் ஆண்டுப் பிரிவினையில் சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திரத்துடன் சேர்க்கப்பட்டது. அம்மாவட்டத்தில் தமிழர் மிகுதியாக வாழ்ந்த திருத்தணி முதலிய பகுதிகளைத் திரும்பப் பெற ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினர். பின்னர் படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். அவரது பரிந்துரையை ஒட்டி 1959 இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

இதன்படி திருத்தணி, தெற்கே புதுப்பட்டினம் முதலான கடற்கரை ஊர்களையும் கொண்டிருந்த செங்கல்பட்டு மாவட்டத்துடன் இணைந்தது. அதற்கு ஈடாக அம்மாவட்டத்தின் வடபகுதியிலிருந்த சத்தியவேடு வட்டாரம் ஆந்திரப் பிரதேசத்துக்குச் சென்றது. திருப்பதி ஆந்திரத்திலேயே நீடித்தது. புதிய மாநிலம் ஒரே நாளில் பிறந்தாலும், அதன் தென் எல்லை முடிவாவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.