கணினித் திரை கறுப்பதேன்?

நோயாளியின் நாடியைப் பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. ஆயினும் வீட்டுக் கணினியில் ஒரு கோளாறு கண்டால், காரணம் அறியுமுன்னரே புதிய உறுப்பு வாங்க ஓடுகின்றோம். எமது குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

எமது பெறாமகன், சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து ஈட்டிய பணத்தை ஈராண்டு சேர்த்து, உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி, விளையாட்டுக்கேற்ற கணினியொன்றைத் தன் கையாலேயே பூட்டினான். செலவிற் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்ட்டுக்கே போயிற்று. விசையை அழுத்தியதும் படம் தோன்றியது, வீட்டார் மகிழ்ந்தனர். சிறிது நேரத்தில் திரையெங்கும் வெண்புள்ளிகள் மின்னின. பின்னர் இரண்டு செக்கன் திரை முற்றாகக் கறுத்து மீண்டது. அன்று மாலை முழுவதும் அதே கதை.

“கடையிலே பூட்டியதை வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லையே” என்றார் அவன் தந்தையார். பையன் வாய் திறக்கவில்லை. தன் கைப்பிழையாற் கார்ட் பழுதாயிற்றென்றே எண்ணி, அதனை வந்த விலைக்கு விற்று வேறொன்று வாங்கக் கடன் கேட்டு எம்மிடம் வந்தான்.

“கடன் இருக்கட்டும், தம்பி. கார்ட்தான் பழுதென்று எப்படி அறிந்தாய்?” என்று வினவினோம்.

“வேறென்னவாக இருக்கும், சித்தப்பா?” என்றான்.

காசில்லாச் சோதனைகள்

கார்ட் படத்தை வரைகிறது, டிரைவர் என்னும் மென்பொருள் கார்ட்டை இயக்குகிறது, கேபிள் படத்தைச் சுமந்து செல்கிறது, மொனிட்டர் காட்டுகிறது. குறை இந்நான்கில் எதனிடத்தும் இருக்கலாம். அதனை அறியச் சில எளிய வழிகள் உள.

முதலாவது, கோளாறு தோன்றும் வேளையில் மொனிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் சொந்த மெனுவை வருவித்தல். அம்மெனு மொனிட்டருக்குள்ளேயே உண்டாவது. அதுவும் சிதைந்தால் மொனிட்டரை ஐயுறலாம். மெனு தெளிவாக நிற்கப் பின்னாலுள்ள படம் மட்டும் சிதைந்தால், குறை வந்துசேரும் படத்திலேயே உண்டு.

இரண்டாவது, அவ்வேளையில் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கைத்தொலைபேசியிற் பார்த்தல். அதிலும் சிதைவு இருப்பின் கார்ட்டோ டிரைவரோ காரணமாதல் கூடும். அது தூய்மையாயின், பெரும்பாலும் கேபிளும் மொனிட்டருமே ஆராயத்தக்கவை.

மூன்றாவது, விண்டோஸ் எழுமுன் தோன்றும் தொடக்கத் திரையைக் கவனித்தல். அங்கேயே கோளாறு தெரிந்தால் டிரைவர்மீது பழியில்லை. அங்கு தெரியாதாயின், டிரைவரை முற்றாக நீக்கி மீண்டும் நிறுவிப் பார்க்கலாம்.

கள்வன் அகப்பட்டான்

எமது சோதனையில் மெனு தெளிவாக நின்றது. ஸ்கிரீன்ஷொட்டும் மாசின்றி இருந்தது. கேபிள் எங்கிருந்து வந்ததென்று கேட்டோம். கூடத்துப் பழைய தொலைக்காட்சியிலிருந்து கழற்றியதாம்!

அவனது மொனிட்டரில் 3,840க்கு 2,160 புள்ளிகள். அதாவது ஏறத்தாழ 83 இலட்சம். அவை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகின்றன. எச்.டி.எம்.ஐ. 1.4 முறை செக்கனுக்கு 10.2 கிகாபிட் வரையே சுமக்கும். இத்தகைய படத்துக்கு 2013ஆம் ஆண்டு வெளியான 2.0 முறையின் 18 கிகாபிட் வேகம் வேண்டும். பழைய கேபிள் தாங்கமாட்டாத சுமையைத் தூக்கித் தள்ளாடியது. 60ஐ 30ஆகக் குறைத்தோம்; புள்ளிகள் மறைந்தன. உரிய கேபிளை வாங்கி மாட்டி மீண்டும் 60 ஆக்கினோம், திரை அசையவில்லை.

கார்ட்டே பழுதானால்

எல்லார்க்கும் இவ்வாறே முடியுமென்று கூறோம். வண்ணச் சதுரங்கள் திரையிற் சிதறி, ஸ்கிரீன்ஷொட்டிலும் பதிந்து, சூடேற ஏறப் பெருகினாற் கார்ட்டை ஐயுறுதல் தகும். அப்போதும் அவசரம் வேண்டா. மின்னிணைப்பை நீக்கிய பின்னரே பெட்டியைத் திறந்து தூசியைத் துடையுங்கள். வேகத்தைக் கூட்டியிருந்தாற் பழைய நிலைக்குக் கொணருங்கள். மதர்போர்டின் துளைவழி கார்ட்டுக்கு 75 வாட் மட்டுமே கிடைக்கும். மிகுதியைத் தரும் மின்வயர்கள் இறுகப் பொருந்தியுள்ளனவா என்று பாருங்கள். கூடுமாயின் நண்பரொருவரின் கணினியிற் பூட்டிச் சோதித்து, அங்கும் அதே குறை கண்டால் உத்தரவாதச் சீட்டைத் தேடுங்கள்.

எதைச் செய்யினும் ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றினால், கோளாறு தீர்ந்தாலும் காரணம் தெரியாது போய்விடும்.

பையன் கடன் வாங்காமலே வீடு திரும்பினான். அன்றிரவு தந்தையாரை அருகில் இருத்தி, பழைய கேபிளை மாட்டிக் கறுக்க வைத்தும், புதியதை மாட்டித் தெளிய வைத்தும் காட்டினானாம். அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. மறுநாட் காலை, தமது அலுவலகக் கணினியிலும் ஒரு சிறு குறை உண்டென்றும், அதனை ஒருமுறை பார்க்க முடியுமா என்றும் மகனிடம் கேட்டாராம்.