படைவீடு: பெயருள் உறையும் அரண்

சவ்வாது மலையடிவாரத்தில், கமண்டல நாகநதியின் வளத்தால் செழித்த சிற்றூர் படவேடு. இதன் பழம்பெயர் படைவீடு என்பதாம். படை தங்கும் அரணுடைய உறைவிடம் என்பது அதன் பொருள். முருகன் உறையும் ஆறு தலங்களையும் படைவீடு என வழங்குதல் நாம் அறிந்ததே. ‘படை’ என்பது ‘பட’ எனக் குறுகவும், ‘வீடு’ என்பது ‘வேடு’ எனத் திரியவும் இன்றைய பெயர் தோன்றிற்று.

13ஆம் நூற்றாண்டில் சோழர் வலிகுன்றத் தன்னாட்சி எய்திய சம்புவராயர் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டனர். வள்ளுவர் அரணுக்கு உறுப்பாக உரைக்கும் நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கும் இங்கு இயல்பாகவே வாய்த்திருந்தன. மனிதர் கட்டிய மதிலுக்கு மலையே புறமதிலாயிற்று.

14ஆம் நூற்றாண்டில் விசயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரைச் சுல்தான் மீது படையெடுத்தார். அதற்கு முன்னர் அவர் வென்றது இச்சம்புவராயரையே. அவர்தம் மனைவி கங்காதேவி வடமொழியில் இயற்றிய ‘மதுரா விசயம்’ இதனைக் கூறுகின்றது. அக்காலப் போர்கள் அனைத்தையும் சமயப்போர் என்பார்க்கு இச்செய்தி தக்க விடையாகும். ஒரு சமயத்தாரிடையேயும் நிலம் கருதிப் போர் மூண்டது.

பின்னர் ‘படைவீட்டு இராச்சியம்’ என விசயநகர ஆட்சிப் பிரிவொன்றுக்கே இவ்வூர் பெயர் தந்தது. கல் சிதையினும் சொல் திரிந்தேனும் நிற்கும். மாணவர்கள் தத்தம் ஊர்ப்பெயர் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அறிந்த பெரியோர் சொல்லியருளல் வேண்டும் என இரு சாராரையும் வேண்டுகின்றோம்.