சமையற்கலை படிக்க ஆஸ்திரேலியா போகுமுன்

ஆஸ்திரேலியாவில் சமையற்கலை, ஹோட்டல் மேலாண்மை படிக்க உதவி கேட்டு வரும் பெற்றோரிடம் நாங்கள் முதலில் சொல்வது இதுதான்: "வேலை பார்த்தே பையன் ஃபீஸ் கட்டிவிடுவான்" என்ற ஏஜென்ட் பேச்சை நம்பி நகையை விற்காதீர்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை செய்யலாம். அது வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும் என்பது 2024 மே மாதம் வந்த விதி. ஃபீஸும் பயணச் செலவும் தனி.

கல்லூரியும் படிப்பும் 'கிரிகோஸ்' என்ற அரசுப் பதிவேட்டில் உள்ளனவா என்று நீங்களே இணையத்தில் பாருங்கள்.

செய்முறை வகுப்பில் பன்றி இறைச்சி, ஒயின் வருமா, ருசி பார்க்காமல் தேர்ச்சி பெற முடியுமா? ஏஜென்டிடம் கேட்டால் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்பார். கல்லூரிக்கே மின்னஞ்சல் அனுப்பி, பணம் கட்டுமுன் பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.